வெப்சைட் செய்கிறவரும் வியாபாரியே!



நான் ஓசூரில் 38 ஆண்டுகளாக மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறவன். பள்ளிக்கூடப் படிப்போடு கடைக்கு வந்தவன். கம்ப்யூட்டரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. எங்கள் கடையில் பில் போடுவதைக்கூடப் பையன்தான் பார்த்துக்கொள்கிறான். ஆனால் அடக்க விலை, அட்வான்ஸ், பாக்கி, வாயிதா இவற்றைப் பற்றி எழுதக் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைக்கிறேன். வீட்டில் உட்கார்ந்து தனியாளாக வெப்சைட் செய்து கொடுக்கும் நம் பிள்ளைகளின் தொழிலும் இந்த நான்கில்தான் நிற்கிறது, இந்த நான்கில்தான் விழுகிறது. இதை எனக்குக் காட்டிக் கொடுத்தது ஒரு நோட்டுப் புத்தகம். அந்தக் கதையைச் சொன்னால் என் குறையும் வெளியே வரும். பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி மகள் பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்தவள். கொரோனா வந்து வீட்டிலிருந்தே வேலை என்று ஆன பிறகு, 2021-இல் அந்த வேலையை விட்டுவிட்டு ஓசூரில் வீட்டு மாடியில் சொந்தமாகத் தொழில் தொடங்கினாள். ஒரு கம்பெனியிலும் சம்பளத்துக்கு இல்லாமல், பலருக்கும் தனித்தனியாக வேலை செய்து கூலி வாங்குவதை ப்ரீலான்ஸ் என்கிறார்கள். கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் வெப்சைட் செய்து கொடுப்பது அவள் வேலை. கைவேலை சுத்தம். வேலைக்கும் குறைவில்லை. சிப்காட்டில் உதிரி பாகம் செய்யும் பட்டறைக்காரர், கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் வியாபாரி, பாகலூர் பக்கம் ரோஜா பயிரிடுகிறவர் என்று ஆட்கள் தேடி வந்தார்கள்.

2023 மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். முகம் சரியில்லை.

“பெரியப்பா, மறுபடியும் வேலைக்கே போயிடலாமான்னு பாக்கறேன்” என்றாள்.

“ஏம்மா, வேலை வரலியா?”

“வேலை வருது பெரியப்பா. காசுதான் வரல.”

கணக்கு வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். கம்ப்யூட்டர் படித்த பெண் ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துக் கொடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அந்த ஓராண்டில் 14 வேலைகள். மொத்தப் பில் 3,10,000 ரூபாய். வந்தது 1,74,000 ரூபாய். பாக்கி 1,36,000 ரூபாய். ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். மூன்றாவது பெயர் எங்கள் கடைப் பெயர். 16,000 ரூபாய் வேலை, கொடுத்தது 5,000, பாக்கி 11,000. வேலை முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

எனக்குப் பாக்கி வைத்தவனை நான் எட்டு நாள் விட்டு வைக்கமாட்டேன். ஆனால் வீட்டுப் பிள்ளைதானே, எங்கே போகப்போகிறது என்று அந்தப் பணத்தை மறந்தே போயிருந்தேன். மறந்தேன் என்பதும் முழு உண்மை இல்லை. பருப்பு மூட்டைக்குக் கொடுக்கும் பணம் பணமாகத் தெரிந்தது, இந்த வேலைக்குக் கொடுக்கும் பணம் ஏதோ நன்கொடை போலத் தெரிந்தது. கண்ணால் பார்த்து, கையால் தூக்கி, தராசில் வைக்க முடியாததால் அது சரக்காகவே என் மனதில் ஏறவில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்குத்தான். அன்றே பணத்தைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அந்த நோட்டோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம்.

அவள் விற்கும் சரக்கு எது?

முதலில் அவள் என்ன விற்கிறாள் என்று எனக்குப் புரியும்படி சொல்லச் சொன்னேன். அவள் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன். வெப்சைட் என்பது இன்னொரு கடை. அதற்கு ஒரு பெயர் வேண்டும். அதை டொமைன் என்கிறார்கள். அது நம் பெயர்ப் பலகை. அந்தக் கடை இருக்க ஓர் இடம் வேண்டும். அதை ஹோஸ்டிங் என்கிறார்கள். அது கடை வாடகை. இந்த இரண்டுக்கும் கெடு உண்டு, கெடு முடிவதற்குள் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். பிறகு உள்ளே அலமாரி அடிப்பது, சரக்கை அடுக்குவது, விலைப் பட்டியல் மாட்டுவது. இதுதான் டிசைன் வேலை. கடைசியாகத் தினமும் கூட்டிப் பெருக்கிப் பூட்டுப் போடுவது. அது பராமரிப்பு.

உலகத்தில் முதல் வெப்சைட் 1991-இல் சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் செய்தது. நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். மூலமாக இன்டர்நெட் பொதுமக்களுக்கு வந்தது. அப்போது வெப்சைட் என்பது பெரிய கம்பெனி விஷயம். 2003-இல் வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருள் வந்தது. இன்று உலகத்தில் உள்ள வெப்சைட்டுகளில் பத்துக்கு நாலுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. அதாவது அலமாரி ரெடிமேடாகக் கிடைக்கிறது. அதனால்தான் ஒரே ஆள் வீட்டு மாடியில் உட்கார்ந்து இந்தத் தொழிலைச் செய்ய முடிகிறது. அதே காரணத்தால் போட்டியும் அதிகம்.

“அப்ப நீ விக்கறது அலமாரி இல்லம்மா, உன் நாள்” என்றேன். துவரம்பருப்பு இன்று விற்காவிட்டால் நாளை விற்கும். இன்று விற்காத நாள் நாளைக்கு இருக்காது. இதைவிடக் கெட்டுப்போகும் சரக்கு எதுவும் இல்லை. ராயக்கோட்டைத் தக்காளிகூட இரண்டு நாள் தாங்கும்.

அடக்க விலை தெரியாமல் விற்றால்

அவளிடம் கேட்டேன், ஒரு நாளின் அடக்க விலை என்ன? தெரியாது என்றாள். ஒரு வேலையைப் பார்த்து, இன்னொருவர் எவ்வளவு கேட்பார் என்று யோசித்து, அதைவிட ஆயிரம் குறைத்துச் சொல்வாளாம். கொள்முதல் விலை தெரியாமல் எதிர்க் கடைக்காரனைப் பார்த்து விலை சொன்னால் கடை எத்தனை நாள் இருக்கும்?

இருவரும் கணக்குப் போட்டோம். வீட்டுக்கு மாதம் 30,000 வேண்டும். இன்டர்நெட், கரண்ட், மென்பொருள் சந்தா, கம்ப்யூட்டர் தேய்மானம் எல்லாம் சேர்த்து 6,000. மொத்தம் 36,000. மாதம் 25 நாள் உழைக்கிறாள். ஆனால் 25 நாளும் காசாகாது. புது ஆளைப் பார்த்துப் பேசுவது, விலை எழுதிக் கொடுப்பது, பாக்கி கேட்டு அலைவது, புதிதாக வந்ததைப் படிப்பது என்று 10 நாள் போய்விடும். பில் போடக்கூடிய நாள் 15. அப்படியானால் ஒரு நாளின் அடக்கம் 2,400 ரூபாய்.

இப்போது எங்கள் கடை வேலையை எடுத்துக்கொள்வோம். அதற்கு அவளுக்கு 12 நாள் ஆனது. அடக்கம் 28,800. விலை 16,000. அதிலும் எட்டு மாதப் பாக்கி. அந்த 12 நாளில் 4 நாள் நான் சொன்ன திருத்தங்களுக்கே போயிருக்கிறது. மஞ்சள் நிறம் போடு என்றேன், பிறகு பச்சை போடு என்றேன், அப்பா படத்தை மேலே வை என்றேன், பிறகு கீழே வை என்றேன். ஏழு முறை. ஒரு முறைக்கும் காசு இல்லை. நம் கடையில் ஒருவர் மூட்டையை ஏழு முறை இறக்கி ஏற்றச் சொன்னால் சுமைகூலி கேட்கமாட்டோமா?

சின்னக் கடைக்காரர் 28,800 கொடுக்கமாட்டார், அது நியாயம்தான். அதற்கு வழி விலையை ஏற்றுவது மட்டும் இல்லை. ரகம் பிரிப்பது. நாம் அரிசியில் செய்வதுதான். சின்னக் கடைகளுக்கு ரெடிமேடு அலமாரியில் ஆறு நாளில் முடியும் ரகம், அடக்கம் 14,400. பட்டறைகளுக்கும் ஏற்றுமதிக்காரர்களுக்கும் அளவெடுத்துச் செய்யும் ரகம், அதற்குத் தனி விலை. எந்த ரகத்தில் என்னென்ன உண்டு, என்னென்ன இல்லை என்று ஒரே தாளில் எழுதிக் காட்டிவிட வேண்டும்.

கையிலே காசு, வாயிலே தோசை

வேலை ஒப்புக்கொண்ட அன்று பாதிப் பணம். மாதிரி காட்டிய அன்று கால் பங்கு. ஊருக்குத் திறந்துவிடும் முன் மீதிக் கால் பங்கு. இதை எழுதிக் கையெழுத்து வாங்கியபின்தான் கம்ப்யூட்டரைத் தொட வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். “அட்வான்ஸ் கேட்டா வேற ஆளப் பாத்துக்குவாங்க பெரியப்பா” என்றாள். போகட்டும் என்றேன். அட்வான்ஸ் தராதவர் பாக்கியும் தரமாட்டார். அவருக்குச் செலவழிக்கும் 12 நாளை வீட்டில் தூங்கிக் கழித்தாலும் நஷ்டம் ஒன்றுதான், அலைச்சலாவது மிச்சம்.

அதே தாளில் இன்னும் மூன்று வரி இருக்க வேண்டும். திருத்தம் இரண்டு முறை இலவசம், அதற்கு மேல் நாள் கணக்கில் கூலி. படங்களும் விலைப் பட்டியலும் கடைக்காரர் கொடுத்த நாளிலிருந்துதான் கெடு ஆரம்பம். பராமரிப்பு வேண்டுமானால் ஆண்டுக்கு இவ்வளவு.

இந்தக் கடைசி வரியைத்தான் நான் அழுத்திச் சொன்னேன். புது வேலை என்பது பண்டிகை வியாபாரம் மாதிரி. வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. கடையை நிறுத்துவது மாதாமாதம் சாமான் எடுக்கும் வாடிக்கைதான். டொமைன், ஹோஸ்டிங் செலவு போக, ஒரு கடைக்கு ஆண்டுப் பராமரிப்பு 6,000 என்று வைத்தால், 20 கடை சேர்ந்தால் மாதம் 10,000 ரூபாய் நிலையாக வரும். கடைக்காரருக்கும் விலை மாறினால், போன் நம்பர் மாறினால், கூப்பிட ஓர் ஆள் இருக்கும்.

ஒரே பெரிய வாடிக்கையாளரை நம்பி இருக்கக் கூடாது என்பதையும் சொன்னேன். ஓசூர்க்காரனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரே பெரிய ஆலைக்கு மட்டும் பாகம் செய்து கொடுத்த பட்டறைகள், ஆலையில் ஆர்டர் குறைந்தபோது எப்படித் தவித்தன என்று நாம் பார்த்திருக்கிறோம். அந்தப் பட்டறை ஆட்களை நம்பிய மளிகைக் கடையின் பேரேடுகூட அந்த மாதங்களில் நீண்டு போகும்.

வெளிநாட்டு வேலைகளை வாங்கித் தரும் அப்வொர்க், ஃபைவர் போன்ற இடங்களைப் பற்றியும் சொன்னாள். கேட்டுப் பார்த்தேன். கமிஷன் மண்டியேதான். வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்து வைத்துக் கமிஷன் பிடித்துக்கொள்கிறார்கள். ஆரம்பத்தில் மண்டி வேண்டும், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே சம்பாதித்த நல்ல பெயர் அந்த மண்டியோடுதான் இருக்கும். உள்ளூரில் சம்பாதித்த பெயர் நம்மோடு வரும்.

எல்லையில் இருப்பது நமக்கு லாபம்

சின்ன ஊரிலிருந்து இந்தத் தொழில் நடக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். நம் மாவட்டத்துக்கு இது புதிதும் அல்ல. சந்தோஷ் பாபு அவர்கள் கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, ஓசூர் பக்கத்துக் கிராமத்தில் ஃபோஸ்டெரா என்ற கிராமப்புற பி.பி.ஓ. தொடங்கப்பட்டது. கிராமத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் வேலை செய்தார்கள். தெற்கே தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011-இல் ஸோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்து, அங்கிருந்து உலகத்துக்கே மென்பொருள் விற்கிறது. ஓசூர் பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டர். எலக்ட்ரானிக் சிட்டி அதிலும் பாதி வழிதான். அங்கே கொடுக்கும் வாடகை இங்கே இல்லை.

இதைவிடப் பெரிய லாபம் பாஷை. ஓசூர்க் கடைக்காரன் காலையில் தெலுங்கில் வரவேற்று, கன்னடத்தில் விலை சொல்லி, தமிழில் பில் எழுதுகிறவன். என் தம்பி மகள் அத்திப்பள்ளிக் கடைக்காரருக்குக் கன்னடத்திலும், பேரிகைக்காரருக்குத் தெலுங்கிலும், கிருஷ்ணகிரிக்காரருக்குத் தமிழிலும் பேசி வேலை வாங்குகிறாள். பெங்களூரிலும் சென்னையிலும் இருப்பவர்களுக்கு இது சுலபத்தில் வராது. பட்டறை என்றால் என்ன, பெங்களூரா மாங்காய் கூழாலைக்கு எப்போது வரும், ரோஜாவுக்குப் பிப்ரவரி ஏன் முக்கியம் என்று இங்கே வளர்ந்த பிள்ளைக்குத் தெரியும். தெரியாதவர் வெளிநாட்டுக்காரன் சிரிக்கும் படத்தை ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்.

வரி விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வணிகவரிச் சோதனைச்சாவடிகள் போயின. ஆனால் சரக்கு விற்கும் நமக்கு எல்லை இன்னும் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு வேண்டாம். ஒரு மூட்டையை அத்திப்பள்ளிக்கு விற்றால் முதல் ரூபாயிலேயே பதிவு வேண்டும். சேவைத் தொழிலுக்கு அப்படி இல்லை. வெப்சைட் செய்கிறவர் கர்நாடகத்துக்காரருக்குச் செய்து கொடுத்தாலும் ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும்வரை பதிவு தேவையில்லை. 2017 அக்டோபரிலேயே இந்த விலக்கு வந்துவிட்டது. தாண்டிய பின் 18 சதவீதம். வரியில் உள்ளீட்டு வரவு எடுக்கும் கம்பெனிக்கு அது பாரம் இல்லை. தொகுப்பு வரி கட்டும் சின்னக் கடைக்காரருக்கு அது முழுச் செலவு. விலை சொல்லும்போதே இதை நினைவில் வைக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

பிள்ளைகளுக்கு இவ்வளவு புத்தி சொன்னேன். இனி நம் பக்கம் வருகிறேன்.

முதலாவது, டொமைன் பெயர் நம் பெயரில், நம் ஈமெயிலில், நம் போன் நம்பரில் பதிவாக வேண்டும். கிருஷ்ணகிரியில் எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரிக்கு நடந்தது இது. வெப்சைட் செய்த பையன் பெயரைத் தன் பேரிலேயே பதிந்து வைத்திருந்தான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அதுதான் சுலபம் என்று செய்துவிட்டான். பிறகு வெளிநாடு போய்விட்டான். ஆண்டுக் கெடு முடிந்தது தெரியவில்லை, பெயர் போய்விட்டது. வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். விசிட்டிங் கார்டு, பில் புத்தகம், லாரித் தார்ப்பாய் எல்லாவற்றிலும் அந்தப் பெயரை அச்சடித்திருந்தார் மனிதர். கடைப் பட்டாவை மேஸ்திரி பெயரில் எழுதுவோமா? ‘இன்’ என்று முடியும் இந்தியப் பெயர்களை ஒரே தடவையில் பத்து ஆண்டு வரைகூடப் பதிவு செய்யலாம். நல்ல டிசைனர் என்றால் சாவிகளை எல்லாம் எழுதி நம் கையில் கொடுப்பார். அவர் கொடுக்காவிட்டால் நாம் கேட்க வேண்டும்.

இரண்டாவது, நமக்கு வெப்சைட் தேவையா என்று பார்க்க வேண்டும். நாலு தெருவுக்கு மட்டும் வியாபாரம் செய்யும் கடைக்குக் கூகுள் வரைபடத்தில் பெயர், நேரம், போன் நம்பர் சரியாக இருந்தால் போதும். அதற்குக் காசு கிடையாது. இதை என் தம்பி மகளே இரண்டு கடைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறாள். அவர்களில் ஒருவர்தான் பிறகு தன் மைத்துனரின் பட்டறை வேலையை அவளிடம் அனுப்பினார். உண்மை சொன்ன வியாபாரிக்கு ஊர் கொடுக்கும் கமிஷன் அது.

மூன்றாவது, பணம். இதில் சட்டமே வந்துவிட்டது என்பது நம்மில் பலருக்குத் தெரியவில்லை. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழில் செய்பவருக்கு எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இன்னொன்றையும் சேர்த்தது. இப்படிக் கெடு தாண்டி நிலுவை வைத்த தொகையை, பணம் கொடுக்கும்வரை நம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள். வெப்சைட் செய்கிற பிள்ளை உத்யம் பதிவு எடுத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு உண்டு. பதிவு 2020 ஜூலையிலிருந்து இலவசம், இன்டர்நெட்டிலேயே முடிந்துவிடும்.

இதில் நமக்கு ஒரு மனக்குறையும் உண்டு, மறைக்கவில்லை. மொத்த, சில்லறை வணிகர்களை 2021 ஜூலையில் உத்யம் பதிவில் சேர்த்தார்கள். ஆனால் வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான். 45 நாள் பாதுகாப்பு நமக்குக் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைக்காதது அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிறதே என்று பொறாமைப்பட வேண்டாம். பாக்கி வசூலிக்க அலைவது என்னவென்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? அது தெரிந்த நாமே இன்னொருவரை அலைய வைக்கலாமா?

மெஷின் வந்துவிட்டதே என்பவர்களுக்கு

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. இப்போது நாலு வரி சொன்னால் கம்ப்யூட்டரே வெப்சைட் செய்து தந்துவிடும், இனி இந்தப் பிள்ளைகளுக்கு ஏது வேலை என்று கேட்கிறார்கள். வெறும் அலமாரி அடிப்பவர்களுக்குக் கூலி குறையும், அதில் சந்தேகம் இல்லை. எலக்ட்ரானிக் தராசு வந்தபோது எடை போடுகிறவனுக்கு மதிப்புக் குறைந்தது. பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்து இது புதுசு, இது பழசு என்று சொல்கிறவனுக்குக் குறையவில்லை. எங்கள் கடை வெப்சைட்டைக் கம்ப்யூட்டர் செய்து தரலாம். எங்கள் வாடிக்கைக்காரர் மூட்டை விலை பார்க்கிறாரா, கிலோ விலை பார்க்கிறாரா, எந்தப் பாஷையில் படிப்பார், ராத்திரி பத்து மணிக்குத் தப்பு விலை ஏறிவிட்டால் யாரைக் கூப்பிடுவது, இதெல்லாம் அதற்கு யார் சொல்வது? பொறுப்பேற்கும் ஆளுக்குத்தான் காசு. அந்த மெஷினையும் கற்றுக்கொண்டு, 6 நாள் வேலையை 4 நாளில் முடித்தால் அந்தப் பிள்ளைக்கு அடக்கம் குறையும், லாபம் கூடும்.

என் தம்பி மகள் வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. ஒரு தாள் ஒப்பந்தம் இல்லாமல் இப்போது எந்த வேலையும் எடுப்பதில்லை. அட்வான்ஸ் கேட்டதில் முதல் மூன்று மாதம் நாலைந்து பேர் போய்விட்டார்கள். பயந்துதான் போனாள். பிறகு வந்தவர்கள் நின்றார்கள். இன்று 23 கடைகள் ஆண்டுப் பராமரிப்பில் இருக்கின்றன. உதவிக்கு ஒரு பெண்ணை வைத்திருக்கிறாள். நோட்டில் பாக்கி 20,000-க்குள். எங்கள் கடைக்கும் ஆண்டுக்கு ஒரு பில் வருகிறது. அதில் தள்ளுபடி கிடையாது. பெரியப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே பில்லை நீட்டுகிறாள். எனக்கு அது பெருமையாகத்தான் இருக்கிறது.

நமது சங்கத்துக்கு என் தாழ்மையான வேண்டுகோள் இரண்டு. ஓசூர், கிருஷ்ணகிரி பகுதியில் இந்தத் தொழில் செய்யும் பிள்ளைகளில் பாதிப் பேர் நம் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள். அவர்கள் பெயர்களைத் திரட்டி ஒரு பட்டியல் சங்க அலுவலகத்தில் வைக்கலாம். அந்த ஒரு தாள் ஒப்பந்தத்தைப் பொதுப் படிவமாகத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் அச்சடித்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கலாம். வேலை, விலை, கெடு, திருத்தம், டொமைன் யார் பெயரில், பணம் எப்போது, இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும். சண்டை வந்தால் பேசித் தீர்க்கச் சங்கமே இருக்கிறது.

இதைப் படிக்கும் உறுப்பினர்கள் இன்றிரவு கடை கட்டும் முன் ஒரு நிமிடம் உங்கள் பேரேட்டைப் புரட்டிப் பாருங்கள். வெப்சைட் செய்த பிள்ளைக்கு, போட்டோ எடுத்த பையனுக்கு, போஸ்டர் போட்டுக் கொடுத்த பெண்ணுக்கு ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நாளைக் காலை முதல் போணி ஆனதும் அதைக் கொடுத்துவிடுங்கள். அவர்களும் அன்றைய போணிக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.